ஃபூஜி அடிவாரத்துப் பனிக்குகை: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் ஃபூஜி மலைப் பக்கம் போகிறவர்கள் பலரும் கவாகுச்சி ஏரிக்கரையில் படம் எடுத்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் நேரத்தில் நருசாவா பனிக்குகையை எட்டிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறார்கள். முதல் தவறே அதுதான். உள்ளே ஒரு சுற்று வரப் பத்து, பதினைந்து நிமிடம் போதும், அது உண்மை. ஆனால் குகையை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறினால் பாதியைத்தான் பார்த்ததாக ஆகும். 864-ல் ஃபூஜியின் வடமேற்குச் சரிவு வெடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகள் லாவா வழிந்தது. அது அங்கிருந்த பெரிய ஏரியையே துண்டாக்கியது. இறுகிப்போன அந்த லாவாவின் மேல் வளர்ந்ததுதான் சுமார் 30 சதுர கிலோமீட்டர் அவோகிகஹாரா காடு. அதே லாவாவுக்குள் விழுந்த வெற்றிடம்தான் குகை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அடுத்து, பனி என்றால் டிசம்பர், ஜனவரி என்று நாமே முடிவு செய்துகொள்வது. கூரையிலிருந்து சொட்டும் நீர் குகையின் குளிரில் உறைந்து, தரையிலிருந்து மேல்நோக்கித் தூணாக வளர்கிறது. குளிர்காலம் முழுக்க வளர்ந்து, ஏப்ரல் வாக்கில்தான் அது முழு உருவத்துக்கு வரும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். இலையுதிர் காலத்தில் போய்விட்டு "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்று சொல்வதில் நியாயமில்லை. அப்புறம், உள்ளே விளக்கு வெளிச்சத்தில் சுவராக அடுக்கியிருக்கும் பனிக்கட்டிகள் இயற்கையாக உருவானவை அல்ல. ஒரு காலத்தில் அங்கே பனிக்கட்டி சேமித்ததைக் காட்டுவதற்காக அடுக்கிவைத்தவை. கூட்டம் அவற்றின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் தூண்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

உடை விஷயத்தில் ஆகஸ்ட் மாதத்துப் பயணிகள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே வியர்க்கும். உள்ளே சராசரி 3 டிகிரி. படி இறங்கத் தொடங்கும்போதே ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தது போலக் காலில் குளிர் அடிக்கும். ஒரு ஜாக்கெட் போதும், ஆனால் அது கையில் இருக்க வேண்டும், ஹோட்டல் அறையில் அல்ல. அதைவிட முக்கியம் காலணி. படிகள் செங்குத்தானவை, எப்போதும் ஈரம், சில இடங்களில் உறைந்தும் இருக்கும். ஹீல்ஸும் ரப்பர் செருப்பும் வேண்டவே வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் கூரை 91 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். குந்தியபடி நகர வேண்டும், பாறை கரடுமுரடு. ஹெல்மெட் தருகிறார்கள், மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். முதுகில் பெரிய பை, தோளில் குழந்தை, முட்டிவலி உள்ள அம்மா அப்பா இதெல்லாம் இருந்தால் யோசியுங்கள்.

அவர்களுக்கு நல்ல மாற்று ஃபுகாகு காற்றுக்குகை. இது பக்கவாட்டில் நீளும் 201 மீட்டர் குகை, பெரும்பகுதி நிமிர்ந்தே நடக்கலாம். பட்டுப்புழு முட்டைகள் உரிய காலத்துக்கு முன் பொரிந்துவிடாமல் இருக்க ஒரு காலத்தில் இதற்குள்தான் வைத்திருந்தார்கள். உள்ளே கத்திப் பார்த்தால் எதிரொலியும் வராது. துளைகள் நிறைந்த பசால்ட் பாறை சத்தத்தை விழுங்கிவிடும்.

இரண்டு குகைகளுக்கும் நடுவே காட்டு வழியாக நடந்தால் இருபது நிமிடம். பலர் இதை விட்டுவிட்டுச் சாலையோரமாகவே போகிறார்கள். நடக்கிறவர்களோ, பாசியைப் பார்த்ததும் பாதையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. லாவாவின் மேல் மண் மிக மெல்லிய படலம். வேருக்குக் கீழே போக வழியில்லாததால் பாறையின் மேலேயே பின்னிப் பரவிக் கிடக்கிறது. வேர்களுக்கு இடையே உள்ள பள்ளங்களைப் பாசி மூடியிருக்கும். பார்க்கத் தரை, கால் வைத்தால் குழி. கணுக்கால் முறிய அது போதும். மிதிபட்ட பாசி திரும்ப வளரவும் நெடுங்காலம் ஆகும். தேசியப் பூங்கா என்பதால் கல், செடி எதையும் எடுத்துவரவும் கூடாது.

அங்கே திசைகாட்டி வேலை செய்யாது என்ற கதையை நம்ப வேண்டாம். பாறைமேலேயே வைத்தால் காந்தத்தன்மையால் முள் கொஞ்சம் விலகலாம். கையில் பிடித்தால் சரியாகவே காட்டும். ஆனாலும் வழி தவறும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், குழிகளைச் சுற்றிச் சுற்றிப் போவதில் நேர்கோட்டில் நடக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள வருகிறவர்களின் இடம் என்று இந்தக் காட்டுக்கு ஒரு சோகமான பெயர் உண்டு, அதைத் தேடியே சிலர் கேமராவோடு வருகிறார்கள். 2017 கடைசியில் ஒரு யூடியூபர் அப்படிப் படம்பிடித்து வெளியிட்டு உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார். பாதையோர அறிவிப்புப் பலகைகள், துயரத்தில் இருப்பவர்களுக்கு உதவ வைத்தவை. அவற்றின் முன் போஸ் கொடுக்காதீர்கள்.

காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் போக ஆசை இருந்தால், சாய்கோ வௌவால் குகையருகே வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு உண்டு. அந்தக் குகை குளிர்காலத்தில் மூடியிருக்கும். எங்கே போனாலும், இறங்கும் நிறுத்தத்திலேயே திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பஸ்கள் சீக்கிரமே நின்றுவிடும்.