வீட்டு கரண்ட் தணிக்கை: தொண்டுக் குழுக்களுக்கான வேலைமுறை

மின்சிக்கனம், சுற்றுச்சூழல் என்று இயங்கும் தொண்டு அமைப்புகள் துண்டறிக்கை கொடுப்பதோடு நின்றுவிட்டால் ஒரு யூனிட்கூடக் குறையாது. வீட்டுக்குள் போய், அளந்து, எண்ணைக் காட்டினால்தான் ஆட்கள் ஃபேனை மாற்றுகிறார்கள். அப்படி வீடுவீடாகப் போகும் தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு இந்த முறை.

எந்த வீட்டுக்குப் போவது என்பதில் தொடங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் ஓட்டும் வீட்டில் பணக்கணக்கு செல்லாது. பலன் அதிகம் கிடைப்பது 450 முதல் 700 யூனிட் வரை வரும் வீடுகளில். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், அந்த 100 யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரட்டை விலை. தாண்டிய யூனிட்டுக்கு அதைவிடக் கூடுதல். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, அடுக்குமுறை மாறவில்லை. இந்தக் கணக்கைக் குடும்பத்தாரின் சொந்த பில்லை வைத்தே போட்டுக் காட்டுங்கள்.

கடைசி ஆறு பில்களைக் கேட்டு வாங்குங்கள். யூனிட்டை மட்டும் பார்க்காமல், ரீடிங் எடுத்த தேதிகளையும் பார்த்து, நாளைக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துக்கொள்ளுங்கள். ரீடிங் ஐந்து நாள் தள்ளிப்போயிருந்தால் யூனிட் கூடியதாகத் தோன்றும், உண்மையில் கூடியிருக்காது.

கையில் வேண்டியவை: பிளக்கில் செருகும் 16 ஆம்பியர் வாட் மீட்டர் ஒன்று, நேரம் பார்க்க கைப்பேசி, டார்ச், நோட்டு. வயரைக் கவ்வி அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டரை நம்பி வாட் கணக்குப் போடாதீர்கள். அது ஆம்பியரை மட்டும் காட்டும். மோட்டார், பழைய ஃபேன் போன்றவற்றில் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வரும் எண், மீட்டரில் ஏறுவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இபி மீட்டரே நல்ல அளவுகோல். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல வீட்டு மீட்டர்களில் 3200. பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எண்ணத் தொடங்கும் சிமிட்டலை ‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்க வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளிதான் அளந்திருப்பீர்கள், கணக்கு பத்தில் ஒரு பங்கு பிசகும். 3200 மீட்டரில் 11,250-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் அப்போது ஓடும் வாட் கிடைக்கும். 90 நொடி என்றால் 125 வாட். மூன்று பேஸ் மீட்டர்களில் சிமிட்டல் எண் வேறாக இருக்கும். அச்சிட்ட எண்ணால் 3,60,00,000-ஐ வகுத்தால் 11,250-க்குப் பதிலாகப் போட வேண்டிய எண் வரும்.

முதல் சோதனை: எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சிமிட்டினால் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு. மெயினை அணைத்த பிறகும் சிமிட்டினால் கோளாறு மெயினுக்கு முன்னால். மீட்டரிலுள்ள எர்த் கசிவு விளக்கு எரிந்தால் நியூட்ரல் குழப்பமோ கசிவோ இருக்கலாம். இந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்தது. உரிமம் பெற்ற வயர்மேனையோ இபி அலுவலகத்தையோ அழைக்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியின் சீலை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

அடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டு அளங்கள். தமிழ்நாட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன். பழையது சுமார் 75 வாட், பிஎல்டிசி என்ற, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகை 28 முதல் 35 வாட். ஒரு ஃபேனில் 45 வாட் மிச்சம், நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள்: 40 யூனிட். 520 யூனிட் வீட்டுக்கு அந்த ஒரு ஃபேனே போதும், 500-க்குக் கீழே இறங்கிவிடும். மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை நீக்கி நேராக இணைக்க வேண்டும். விட்டுவைத்தால் ஃபேன் உறுமும், உள்ளிருக்கும் மின்னணுப் பலகை சீக்கிரம் கெடும். புதிதாகக் கிடைத்த ஃபேன் ‘சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃப்ரிட்ஜை ஐந்து நிமிடம் அளந்து முடிவு சொல்லாதீர்கள். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் வாட் மீட்டரை முழுசாக 24 மணி நேரம் விட்டு, மறுநாள் வந்து எடுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் பழையதை மாடியில் ‘தண்ணீருக்கு’ என்று ஓடவிடுவார்கள். அப்படியானால் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை, வாங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். 10 வாட் என்றாலே இரண்டு மாதத்தில் 14 யூனிட். கெய்சரில் 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 வரை சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். காலையில் போட்டதை அணைக்க மறப்பதுதான் அங்கே பிரச்சினை. ஏசியை ஒரு நொடி அளப்பதில் பயனில்லை, இன்வெர்ட்டர் வகை என்றால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். படுக்கப் போகும்போதும் எழுந்ததும் மீட்டர் ரீடிங்கைக் குறிக்கச் சொல்லி, ஃபேன், ஃப்ரிட்ஜ் பங்கைக் கழியுங்கள். ஃபேனோடு 26 டிகிரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். ஏசி ஸ்டார் முத்திரையில் ஆண்டும் இருக்கும், அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல.

மோட்டாருக்கு, டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். முன்பைவிட நேரம் கூடியிருந்தால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு) கசிவு, கெபாசிட்டர் பலவீனம், நீர்மட்ட இறக்கம் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒழுகும் குழாயும் கரண்ட் செலவுதான்.

அறிக்கை ஒரே தாளில் இருக்கட்டும். மூன்று பரிந்துரைகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நேராக யூனிட், ரூபாய், செலவு திரும்ப ஆகும் மாதம். பல்பு, ஃபேன் எதையும் குழுவே விற்கக்கூடாது, கடையிடம் கமிஷனும் வாங்கக்கூடாது. விற்பனை வந்தால் உங்கள் அளவை யாரும் நம்பமாட்டார்கள். இணைப்பு எண்ணை அனுமதியில்லாமல் வெளியே கொடுக்காதீர்கள்.

கழற்றிய சிஎஃப்எல்லிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அட்டைப்பெட்டியில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். ஃப்ரிட்ஜை குழாயை வெட்டி எடைக்குப் போடும் ஆளிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் வாயு அப்படியே காற்றில் கலக்கும். அது பழைய வகையாக இருந்தால் ஓசோனுக்கும் கேடு.

பலனைப் பார்க்க, புது பில்லை அதற்கு முந்தைய பில்லோடு ஒப்பிடக்கூடாது. ஏப்ரல்-மே பில்லை டிசம்பர்-ஜனவரியோடு வைத்தால் எந்த முயற்சியும் தோற்றதாகத்தான் தெரியும். சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு, நாள் சராசரியை வைத்துப் பாருங்கள். விருந்தாளி வந்தது, புது ஏசி வாங்கியது எல்லாவற்றையும் கேட்டுக் குறியுங்கள். கரியமிலக் கணக்கு வேண்டுமென்றால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று பெருக்கலாம். ஆனால் பில்லில் உறுதியான யூனிட்டுக்கு மட்டும் பெருக்குங்கள், ‘சேமித்திருக்கலாம்’ என்பதற்கு வேண்டாம்.