சர்க்கரையைச் செயலியில் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இனிப்பு நீர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே பலர் கைப்பேசியில் நாலைந்து செயலிகளை ஏற்றிவிடுகிறார்கள். நல்லதுதான். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்ததிலிருந்து சிங்கப்பூரில் இதற்கான வசதிகளுக்குக் குறைவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஹெல்த்ஹப்பில் பார்க்கலாம், நடையையும் சாப்பாட்டையும் ஹெல்தி 365இல் பதியலாம்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் வார இறுதிகளில் மூத்தவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் பல வருடமாக நீரிழிவோடு இருப்பவன். பழைய ஆட்கள் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் புதியவர்களும் விழுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கையைக் கழுவிவிட்டு விரலில் குத்துங்கள், ரத்தத்துளி வைக்கும் ஸ்ட்ரிப் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள் என்பதையெல்லாம் தாதியே சொல்லியிருப்பார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஊர்க் கணக்கும் இங்குள்ள கணக்கும்

சிங்கப்பூரில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் (mmol/L) கணக்கில் சொல்கிறோம். தமிழ்நாட்டில் மில்லிகிராம் (mg/dL) கணக்கு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். இங்கே 7 என்றால் அங்கே 126. யூடியூபில் தமிழில் பேசும் டாக்டர்கள் பெரும்பாலும் ஊர்க் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

ஓர் அம்மா, "நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் வீடியோவுல சொன்னாரு, எனக்குப் பதினாலுதான் தம்பி" என்று நிம்மதியாக இருந்தார். பதினாலு என்பது ஊர்க் கணக்கில் 252. செயலியை ஏற்றிய முதல் நாளே அமைப்புப் பகுதிக்குப் போய் அளவு மில்லிமோலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருக்கும் அண்ணன் தம்பிகளோடு வாட்ஸ்அப்பில் எண்ணை ஒப்பிடுவதற்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள்.

நல்ல எண்ணை மட்டும் பதிவது

எனக்கு இன்றுவரை ஆற்றாமை தருகிற தவறு இதுதான். சொல்லிச் சொல்லி அலுத்தாலும் மறுபடி சொல்வேன்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குத்துவது சுலபம். ஆறு, ஆறரை, ஏழு என்று வரும். செயலியில் பச்சை நிறத்தில் புள்ளி விழும். பார்க்க நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தாலோ, கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்தாலோ மெஷினைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. தப்பித்தவறிக் குத்தி 13 வந்துவிட்டால், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று பதியாமல் விட்டுவிடுகிறார்கள்.

செயலிக்கு இது தெரியாது. கொடுத்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும். சில செயலிகள் அதோடு நிற்காமல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் இவ்வளவு சதவீதம் வரும் என்று ஒரு மதிப்பீட்டையும் போட்டுவிடும். நீங்கள் பதிந்ததெல்லாம் காலை எண்கள், அவற்றின் சராசரி 6.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் போட்டால் ஹெச்பிஏ1சி 5.9 என்று வரும். கிட்டத்தட்ட நோயே இல்லை என்கிற மாதிரி.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் செயலியில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. ஆய்வகத்தில் எடுத்த ஹெச்பிஏ1சி 8.2 என்று வந்தது. நேராக என்னிடம் வந்து, "என் மெஷின்ல எப்பவும் ஆறு, ஏழுதான் தம்பி. ரத்தம் எடுத்த இடத்துல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க" என்றார். 8.2 என்றால் மூன்று மாதச் சராசரி 10ஐத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். காலையில் ஆறரை இருந்தும் சராசரி பத்துக்கு மேல் போகிறதென்றால், மற்ற நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும்? இதைத்தான் அவர் பார்க்கவில்லை. டாக்டர் மருந்தைக் கூட்டலாம் என்றபோது கைப்பேசியைக் காட்டி வேண்டாம் என்று தள்ளிப்போட்டுவிட்டார். அடுத்த பரிசோதனையில் 9ஐத் தொட்டது. கண் பரிசோதனையில் விழித்திரையிலும் மாற்றம் தெரிந்தது. போன மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. அழகான ஒரு வரைபடத்தை நம்பி ஒருவர் கண்ணைப் பணயம் வைக்கிறாரே என்று எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஆய்வக எண் எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை. ரத்தசோகை, சிறுநீரக நோய், தலசீமியா மரபணு போன்றவை இருந்தால் ஹெச்பிஏ1சி தவறான எண்ணைக் காட்டக்கூடும். ஆனால் அதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன், நாம் எந்தெந்த நேரத்தில் குத்தினோம் என்று பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் பதிவது? ஜோடியாகப் பதியுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் மதியம், அப்புறம் இரவு. சாப்பிடும் முன் 4 முதல் 7, இரண்டு மணி நேரம் கழித்து 10க்குக் கீழே என்பது பலருக்கும் சொல்லப்படும் இலக்கு. வயதையும் உடல்நிலையையும் பொறுத்து உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லலாம். ஸ்ட்ரிப் விலை எல்லாருக்கும் கவலைதான். மாத்திரை மட்டும் எடுப்பவர்களில் பலருக்குத் தினமும் குத்த வேண்டிய அவசியமில்லை. எந்தச் சாப்பாட்டின் மீது சந்தேகமோ அன்றைக்குக் குத்தினால், அதே ஸ்ட்ரிப் நாலு மடங்கு பயன் தரும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது பொருந்தாது. டாக்டர் சொன்ன நேரங்களில் குத்தியே ஆக வேண்டும்.

அந்த அக்கா ஒருவழியாக ஜோடிப் பதிவு செய்தார். மூன்று தோசை, ஒரு தே (தேநீர்): முன்னால் 6.7, பின்னால் 13.1. தோசையை ஒன்றாகக் குறைத்து, முட்டை சேர்த்து, தேயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தபோது 9 சொச்சம். பாலிகிளினிக்கில் தாதி அந்த இரண்டு வரிகளைத்தான் உற்றுப் பார்த்தாராம்.

குத்தாமலே சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம்

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

எல்லாத் தேநீரையும் 'டீ' என்று பதிவது

தே என்றால் சர்க்கரை சேர்ந்த கெட்டிப்பால், தே-சி என்றால் சர்க்கரையும் ஆவியாக்கிய பாலும், தே-ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும். கோசோங் என்று கேட்டால்தான் சர்க்கரை போட மாட்டார்கள். குடித்ததைப் பெயர் சொல்லிப் பதியுங்கள்.

இணையத்தில் விற்கும் 'வேரோடு அறுக்கும்' மருந்து

2008இல் சிங்கப்பூரில் நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும், மூலிகை மருந்து என்று விற்றவற்றிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. அது நீரிழிவு மருந்து. மூலிகை என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்காக, உள்ளே இருப்பது மூலிகை மட்டும்தான் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

செயலியில் எண் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவது

டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

நடுராத்திரி அலாரம்

சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து, இறங்கினால் அலாரம் அடிக்கும் சென்சாரைக் கையில் ஒட்டுகிறார்கள். அது ரத்தத்தில் அளப்பதில்லை. தோலுக்கடியில் இருக்கும் திரவத்தில் அளக்கிறது. அதனால் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சென்சார் இருக்கிற கையை அழுத்திப் படுத்தாலும் சர்க்கரை இறங்கியதுபோல் பொய்யாகக் காட்டும். அலாரம் அடித்ததும் பதறி இனிப்பை அள்ளித் தின்று, காலையில் 15இல் எழுந்தவர்கள் உண்டு. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் திரும்பிப் படுத்து, விரலில் குத்திப் பாருங்கள்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தாலோ விரலில் குத்தி 4க்குக் கீழே வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி குடிக்க வேண்டும். மயக்கமாகி விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள். இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைத் திறந்து தேட விரல் நிற்காது, வீட்டில் இருப்பவர்களுக்கும் உங்கள் கடவுச்சொல் தெரிந்திருக்காது.