பர்மா போர்முனை: புத்தகம் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி முடிந்த கையோடு எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "சார், பர்மா போர் பத்தி நல்ல புக் ஒண்ணு சொல்லுங்க." இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் அதை ஒட்டிய இந்திய எல்லையிலும் பிரிட்டிஷ் தரப்பும் ஜப்பானியரும் மோதிய போர் அது. கேட்பவரிடம் பெரும்பாலும் ஒரு குடும்பக் கதை இருக்கும். தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தார், பெரியப்பா ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார், யாரோ ஒரு மாமா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். என்னிடம் கேட்பதற்குள் இரண்டு மூன்று புத்தகங்களை வாங்கியும் முடித்திருப்பார்கள். என்னென்ன என்று விசாரித்தால், அந்தக் காலத்தில் நான் ஏமாந்த அதே வரிசை.

எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். நாவலை வரலாறு என்று நினைப்பது, விலை குறைவு என்று ஏதோ ஒன்றை அள்ளிக்கொண்டு வருவது எல்லாம் ஒரு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும். சரியாகாத சிலவற்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அட்டைப் படத்தில் டாங்க்

பர்மாவில் காடும் மலையும் மழையும்தான் அதிகம். டாங்க் போட்ட அட்டைப் படத்துக்கு மயங்காதீர்கள்.

தளபதியோடு நிறுத்திக்கொள்வது

பர்மாவில் போரிட்ட பிரிட்டிஷ் தரப்பின் பதினான்காவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் 1956-இல் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி'யைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். வாங்கலாம். தான் எங்கே சறுக்கினேன் என்று ஒளிக்காமல் எழுதிய தளபதிகள் குறைவு, நடையும் நன்றாக இருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு 'பர்மா முடிந்தது' என்று அலமாரியை மூடிவிடுகிறார்கள். தளபதிக்குத் தெரிவது தளபதியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது மட்டும்.

அடுத்ததாக லூயி ஆலன் 1984-இல் வெளியிட்ட 'பர்மா: தி லாங்கஸ்ட் வார்' படியுங்கள். போரின்போது ஜப்பானிய மொழி தெரிந்த உளவு அதிகாரியாக இருந்தவர் அவர். ஜப்பானியர் எழுதியதையும் நேராகப் படித்து எழுதியிருக்கிறார். நாகாலாந்தின் கொஹிமாவைத் தாக்கிய ஜப்பானிய 31-வது டிவிஷனின் தளபதி சாட்டோ, சாப்பாடும் தோட்டாவும் வந்து சேராததால் மேலிடத்து உத்தரவை மீறிப் பின்வாங்கினார். மணிப்பூரின் இம்பாலில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, சாட்டோவுக்கு மேலே இருந்த ஜப்பானிய ராணுவத் தளபதி முடாகுச்சி தன்கீழ் இருந்த மூன்று டிவிஷன் தளபதிகளையும் பதவியிலிருந்து நீக்கினார். எதிர்த்தரப்பில் இப்படி ஒரு ரகளை நடந்தது தெரியாமல் இம்பாலைப் படித்தால், ஒரு பக்கம் மட்டும் ஆடிய ஆட்டம் மாதிரி இருக்கும்.

வரைபடம் இல்லாத மறுபதிப்பு

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

போன வருடம் ஓர் இளைஞர், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக வாசலில் என்னைச் சந்தித்தார். ஐ.டி. வேலை. தோள்பையிலிருந்து கனமான ஒரு புத்தகத்தை எடுத்தார். பர்மா போரின் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதி ஒன்றின் மறுபதிப்பு. ஆன்லைனில் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். "சார், யார் எந்தப் பக்கத்துல இருந்து வர்றாங்கன்னே புரியல. என் மேலதான் தப்போன்னு மூணு தடவ படிச்சேன்."

புத்தகத்தை வாங்கி, வரைபடப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இன்ன பக்கத்துக்கு எதிரில்' என்று குறிப்பு. அந்தப் பக்கத்துக்குப் போனேன். மூலப் புத்தகத்தில் மூன்று மடிப்பாக விரியும் தாள் அது. ஸ்கேன் செய்தவர் மடிப்பைப் பிரிக்கவே இல்லை. மேலே தெரிந்த ஒரு மடிப்பை மட்டும் அப்படியே படமெடுத்திருக்கிறார். பாதி ஆறு, கொஞ்சம் மலைக்கோடுகள், எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாத இரண்டு அம்புமுனைகள், ஓரத்தில் மடிப்பின் நிழல். அடுத்த வரைபடம் முழுசாக இருந்தது, ஆனால் வண்ணத்தில் இருந்ததைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்ததால் இரண்டு தரப்பு அம்புகளும் ஒரே சாம்பல் நிறம். இன்னொன்று காணவே காணோம்.

பையன் மூன்று தடவை என்ன, முப்பது தடவை படித்தாலும் புரிந்திருக்காது. 1944 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். தெற்கே 17-வது இந்திய டிவிஷன் டிட்டிம் சாலை வழியாக இம்பாலுக்குப் பின்வாங்குகிறது, ஜப்பானியர் அதற்குப் பின்னால் போய் அதே சாலையை மறிக்கிறார்கள். தென்கிழக்கே 20-வது டிவிஷன் தமு பக்கமிருந்து ஷெனாம் மேட்டுக்கு ஏறுகிறது. வடகிழக்கே உக்ருல் வழியாக ஒரு ஜப்பானியப் படை கொஹிமாவை நோக்கிப் போகிறது, இன்னொரு படை இம்பாலுக்கு வடக்கே சாலையை வெட்டுகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில். இதை வெறும் எழுத்தில் பிடித்து மனதில் நிறுத்த யாராலும் முடியாது. கொஹிமாவுக்கு வந்தால் கதையே தலைகீழ். அங்கே ஒரு டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு கையெறி குண்டு வீசினார்கள். அதற்குச் சில நூறு மீட்டரை மட்டும் காட்டும் படம் வேண்டும். ஆக, நல்ல புத்தகத்தில் குறைந்தது இரண்டு அளவுகளில் வரைபடம் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. பெரிய தாளைச் சின்னப் பக்கத்துக்குள் சுருக்கும்போது, 'ஓர் அங்குலத்துக்கு நாலு மைல்' என்று எழுத்தில் போட்டிருக்கும் அளவு பொய்யாகிவிடும். கோடு போட்டுக் காட்டியிருக்கும் அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் சரியாக இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "அவ்வளவு தூரத்தை ஒரே ராத்திரியில் எப்படி நடந்தார்கள்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். அவரும் கேட்டிருக்கிறார். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது. தவிர, 'பழைய பிரதியிலிருந்து எடுக்கப்பட்டதால் சில பக்கங்கள் விடுபட்டிருக்கலாம்' என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். படிக்கிறவனுடைய கண்ணையே பிடுங்கிவிட்டு, பொறுப்பு எங்களுடையது அல்ல என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பெயர் வியாபாரமா?

அதனால் வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: வரைபடப் பட்டியல் பக்கம், மடிப்பு வரைபடம் ஒன்று, வண்ண வரைபடம் ஒன்று. அனுப்ப மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலையிலோ மூர் மார்க்கெட் கடைகளிலோ பழைய பிரதி கிடைத்தால், பட்டியலை வைத்து ஒவ்வொரு படமாக எண்ணுங்கள். பிளேடால் அறுத்து எடுத்த பிரதிகள் நிறைய உலவுகின்றன. பின்னட்டைக்குள் உறை மாதிரி ஒன்று இருந்தால் அதற்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு தயாரித்த இந்திய, பர்மிய வரைபடங்கள் 1:2,50,000 அளவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். தேவையான தாள்களைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, புத்தகத்தைப் படிக்கப் படிக்க பென்சிலால் அம்பு போட்டுக்கொள்ளலாம். அந்த இளைஞர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நாலாயிரம் போனது போனதுதான்.

மறுபதிப்பின் ஆண்டைப் பார்ப்பது

முகப்பில் 2009 என்று இருக்கும், எழுதியது 1956 ஆக இருக்கும். முதல் பதிப்பு எப்போது என்று பாருங்கள். எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த 'அல்ட்ரா' விவகாரம் 1974-இல்தான் வெளியே வந்தது. அதற்கு முன் எழுதியவர்கள், தெரிந்திருந்தாலும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாறு 1957 முதல் 1969 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது, அதற்கும் இதே கதிதான். பழைய புத்தகம் தப்பு என்று சொல்ல வரவில்லை. தளபதிக்கு எப்படி இவ்வளவு சரியாகத் தெரிந்தது என்று சந்தேகம் வரும் இடங்களில், 1974-க்குப் பின் வந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.என்.ஏ.வை மட்டும் படிப்பது, அல்லது விட்டுவிட்டுப் படிப்பது

நம் ஊரில் இரண்டு கோஷ்டி. ஒன்றுக்கு மணிப்பூரின் மொய்ராங்கில் ஐ.என்.ஏ. கொடி ஏறிய 1944 ஏப்ரல் 14 தான் போர். இன்னொன்றுக்கு ஐ.என்.ஏ. என்பது அடிக்குறிப்பு. பதினான்காவது ராணுவத்தில் பெரும்பான்மையினர் இந்தியர்கள். எதிர்ப்பக்கம் ஐ.என்.ஏ.வில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி மெட்ராஸ்காரர். இரண்டு பக்கத்திலும் நம் ஆட்கள் இருந்த போரை ஒரு பக்கப் புத்தகத்தில் படிப்பானேன்?

கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பின்னால் சொல்லடைவில், மணிப்பூரில் உக்ருல் பக்கம் இருக்கும் சங்ஷாக் என்ற ஊர் இருக்கிறதா என்று தேடுங்கள். 1944 மார்ச் 22 முதல் 26 வரை 50-வது இந்திய பாராசூட் பிரிகேட் அங்கே தாக்குப்பிடித்ததால், கொஹிமாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜப்பானியப் படைக்குத் தாமதம் ஏற்பட்டது. அந்தச் சண்டைக்கு நாலு பக்கமாவது கொடுத்திருந்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார். ஒரு வரியில் தாண்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

தாத்தாவை ராணுவப் புத்தகத்தில் தேடுவது

1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அதை ஒட்டி லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். ராணுவ வரலாறுகளில் அவர்கள் சாலையை அடைத்த கூட்டமாக இரண்டு பத்தியில் வந்து போவார்கள். அந்த நடையைப் படிக்க வேண்டுமென்றால் வெ. சாமிநாத சர்மாவிடம் போங்கள். ரங்கூனில் பத்திரிகை நடத்தியவர், அதே வருடம் அதே வழியில் நடந்து வந்து அதை எழுதியும் வைத்தவர்.

எல்லாத் தொகுதிகளையும் ஒரே நாளில் வாங்குவது

வேண்டாம்.

'இரண்டாம் உலகப் போர்' என்று தேடுவது

நூலகக் கணினியில் அப்படி அடித்தால் ஹிட்லர்தான் வருவார். இம்பால், கொஹிமா, அரக்கான், மெய்க்டிலா என்று ஊர்ப்பெயர் போடுங்கள். ரங்கூன், பர்மா என்று பழைய பெயரிலேயே அடியுங்கள், யாங்கூன், மியான்மர் என்று போட்டால் சுற்றுலாப் புத்தகங்கள்தான் வரும். பிஷேஸ்வர் பிரசாத்தைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1950-களில் வெளிவந்த இந்திய அதிகாரபூர்வ வரலாற்றுக்கு முதலில் எழும்பூர் கன்னிமாராவில் விசாரியுங்கள். இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. கணினியில் இல்லை என்று வந்தாலும் அதோடு திரும்பிவிடாமல், பணியில் இருப்பவரிடம் தொகுதியின் முழுப் பெயரை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.