காட்டுப்பழம் சாப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

நாவல், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளிப் பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் உண்டுதான். ஆனால் இணையத்தில் சுற்றும் சத்துப் பட்டியலை நம்புவதற்கு முன், அந்த எண் பறித்த பழத்துக்கா, காயவைத்துப் பொடித்ததற்கா என்று பாருங்கள். நூற்றுக்கு 80 பங்கு நீர் உள்ள பழத்தில், உலர் எடையில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் இரும்பு என்றால் கையில் இருக்கும் பழத்தில் 4 மில்லிகிராம்தான். பாதிப் பெருமை அங்கேயே போச்சு.

அதுவும் முழுசாக உடம்பில் சேராது. துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், செடிகளில் இயற்கையாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் சி கூடவே இருந்தால் இரும்பு கொஞ்சம் நன்றாகச் சேரும்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம், சத்தைவிட இதுதான் முக்கியம். பறவை தின்கிறதே என்று நாமும் தின்னக்கூடாது, மனிதனுக்கு நஞ்சான எத்தனையோ பழங்களைப் பறவைகள் சாதாரணமாகத் தின்றுவிட்டுப் போகும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இலை, பூ, காய், பால் வடிகிறதா என்பதையும் பார்த்து, அந்தச் செடியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. தெரிந்த செடியானாலும் பழுத்ததை மட்டும் பறியுங்கள். மணத்தக்காளியின் பச்சைக் காயில் சொலனின் என்ற நஞ்சு இருக்கிறது. காட்டுச் செர்ரி, பிளம் மாதிரியானவற்றின் கொட்டைப் பருப்பை மென்றால் சயனைடு வெளிவரும், அதனால் சதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். சாலையோரம், சுரங்கம், தொழிற்சாலை, மருந்தடித்த வயல் வரப்பு எல்லாம் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விற்பது உலகம் முழுக்க நின்றதே 2021-இல்தான், அதற்கு முன் படிந்த ஈயம் மண்ணை விட்டுப் போகவில்லை. தோலில் ஒட்டிய தூசி கழுவினால் போகும். சதைக்குள் ஏறிய ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கொதிக்கவைத்தாலும் அழியாது, காயவைத்தால் எடைக்கு எடை அவற்றின் அளவு கூடத்தான் செய்யும்.

வௌவால் கடித்த பழத்தில் கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள், நிபா வைரஸ் அபாயம் இருக்கிறது, முழுசாகத் தூக்கிப் போடுங்கள்.

முதல்முறை கொஞ்சமாக, ஒரு வகை மட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமே ஆபத்தாகலாம், மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சாப்பிட்டபின் வாந்தி, மயக்கம், வயிற்றுவலி வந்தால் வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்கவைக்காமல், மிச்சப் பழத்தையும் ஒரு இலையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.