'இன்ஃபர்மேஷன்ஸ்' ஏன் தப்பு?

தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் தாராளமாக 'கள்' போடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். மூன்றுமே தப்பு. இவை எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். கடைசியில் 'எஸ்' சேராது, முன்னால் 'எ', 'ஆன்' வராது, வினைச்சொல் ஒருமையில்தான் இருக்கும். பத்துப் பெட்டி இருந்தாலும் 'தி லக்கேஜ் இஸ் ஹெவி'தான், 'ஆர்' கிடையாது.

எண்ணியே ஆக வேண்டுமா? 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதுங்கள். பன்மை 'பீஸ்' மேல் விழும், 'அட்வைஸ்' அப்படியே நிற்கும். பேச்சில் 'சம் அட்வைஸ்' இன்னும் இயல்பு. 'மெனி', 'ஃபியூ' வேண்டாம். 'மச்', 'லிட்டில்' போடுங்கள். 'எ லாட் ஆஃப்' இரண்டு வகைக்கும் பொருந்துவதால், சந்தேகம் வந்தால் அதைப் போட்டுத் தப்பிக்கலாம்.

'நியூஸ்' கொஞ்சம் ஏமாற்றும்: 'எஸ்' இருந்தாலும் 'தி நியூஸ் இஸ் குட்'.

சில சொற்கள் பொருளுக்கேற்பக் கட்சி மாறும். வேலை அனுபவம் என்றால் 'எக்ஸ்பீரியன்ஸ்' எண்ண முடியாதது. ரெஸ்யூமேயில் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே எழுத வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். நேர்ந்த சம்பவம் என்றால் 'எ ஸ்ட்ரேஞ்ச் எக்ஸ்பீரியன்ஸ்' சரி. அதேபோல் 'ஹேர்' என்றால் தலைமுடி மொத்தமும். 'எ ஹேர்' என்றால் சட்டையில் ஒட்டிய ஒற்றை முடி.

குழம்பினால், கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியில் சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் 'யு' அல்லது 'சி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'யு' இருந்தால் எண்ணக் கூடாது.