மெத்தனால் எந்த வெப்பநிலையில் உடைகிறது? முகடுகளை வாசிப்பதில் நேரும் தவறுகள்

வெற்றிடக் கலனுக்குள் பிளாட்டினப் படிகத்தைக் குளிரவைத்து, அதன்மேல் மெத்தனாலைப் படியவிட்டு, மெல்லச் சூடாக்குகிறீர்கள். கிளம்பும் வாயுக்களை, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியான நிறைமானி பதிவு செய்கிறது. 450 கெல்வினை ஒட்டி கார்பன் மோனாக்சைடுக்கு அழகான ஒரு முகடு எழுகிறது. உடனே "மெத்தனால் 450 கெல்வினில் சிதைகிறது" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். மேற்பரப்பு வேதியியலுக்குப் புதிதாக வருபவர்கள் எளிதில் செய்யும் பிழை இது.

அந்த முகடு காட்டுவது வாயு படிகத்தை விட்டுக் கிளம்பிய வெப்பநிலையை மட்டுமே. கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை இறுகப் பற்றும் மூலக்கூறு. மெத்தனால் வெகு முன்னரே உடைந்திருந்தாலும், அதிலிருந்து பிறந்த கார்பன் மோனாக்சைடு போதிய சூடு ஏறும்வரை நகராது. சந்தேகம் இருந்தால், அதே படிகத்தில் கார்பன் மோனாக்சைடை மட்டும் படியவைத்துச் சூடாக்கிப் பாருங்கள். முகடு அதே இடத்தில் வந்தால், நீங்கள் அளந்தது வெளியேற்றத்தை, சிதைவை அல்ல. சிதைவைப் பிடிக்க மேற்பரப்பையே கவனிக்க வேண்டும்; அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன் மோனாக்சைடின் பட்டை எப்போது தலைகாட்டுகிறது என்று பார்ப்பது ஒரு வழி.

அடுத்தது நிறைக் கணக்கு. நிறை 28 என்றால் கார்பன் மோனாக்சைடுதான் என்று நம்பிவிடக் கூடாது. நைட்ரஜனுக்கும் அதே 28. ஃபார்மால்டிஹைடு இன்னும் தந்திரமானது. நிறைமானிக்குள் அது உடையும்போது வரும் வலுவான துண்டின் நிறை 29, ஆனால் முழு மெத்தனாலும் நிறைமானிக்குள் உடைந்து அதே 29-ஐத் தரும். மெத்தனாலின் முதன்மைத் துண்டான 31-ஐ வைத்து அதன் பங்கைக் கழித்த பிறகே மிச்சத்தைப் பற்றிப் பேசலாம். துண்டுகளின் விகிதத்தை உங்கள் கருவியிலேயே அளந்துகொள்ளுங்கள். அட்டவணையில் உள்ள எண் வேறொரு கருவியுடையது.

எல்லா உலோகமும் ஒரே பாதையில் போகும் என்ற எண்ணமும் தவறு. பல்லேடியமும் நிக்கலும் மெத்தனாலைக் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் வரை உரித்துவிடும். செம்பு அப்படியல்ல. 1978-இல் வாக்ஸ், மேடிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் செம்புப் படிகத்தின் 110 எனப்படும் தளத்தில் ஆக்சிஜனை முன்கூட்டியே படியவைத்துச் செய்த ஆய்வில், மெத்தனால் முதலில் ஹைட்ராக்சில் ஹைட்ரஜனை இழந்து மெத்தாக்சி ஆனது. அந்த மெத்தாக்சி ஏறத்தாழ 370 கெல்வினில் ஃபார்மால்டிஹைடாக வெளியேறியது. தூய செம்பில் பெரும்பகுதி மெத்தனால் உடையாமலே திரும்பிவிடும். ஆகவே படிகத்தில் ஒட்டியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனும் முடிவைத் தலைகீழாக்கக்கூடும். படிகம் தூய்மையானது என்று எழுதுவதற்கு முன் அதைச் சோதித்திருக்க வேண்டும்.

கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு முறிந்தது என்று அறிவிப்பதற்கு இன்னும் பொறுமை தேவை. பல்லேடியத்தில் இது 1980-களில் சர்ச்சைக்குள்ளான கேள்வி. கார்பன்-13 கொண்ட மெத்தனாலையும் ஆக்சிஜன்-18 கொண்ட மெத்தனாலையும் கலந்து படியவையுங்கள். பிணைப்பு முறிந்து மறுபடி சேர்ந்தால் மட்டுமே கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஆகிய இரண்டு கனமான ஐசோடோப்புகளும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) ஒரே கார்பன் மோனாக்சைடில் கூடி, நிறை 31-இல் தெரியும். முழு மெத்தனாலும் அங்கேயே துண்டு தரும் என்பதால், அது முழுவதும் வெளியேறிய பின் வரும் முகட்டை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கடைசியாக, பலர் மறக்கும் ஒன்று: நிறைமானியின் சூடான இழையிலிருந்து சிதறும் எலக்ட்ரான்களே படிகத்தின் மீதுள்ள மெத்தனாலை உடைத்துவிடும். படிகத்துக்கு சுமார் −100 வோல்ட் கொடுத்தால் அவை நெருங்காது.