வளர்ப்பு ஆமையின் கூண்டுக்குச் சூடும் வெளிச்சமும்

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் மார்கழிக் குளிரிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாத மப்பிலும் தரை ஆமை தீனி எடுக்காமல் முடங்கினால் முதலில் கூண்டின் சூட்டைப் பாருங்கள். (சல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமைகளைச் சொல்கிறேன். நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.)

சூடு தரும் பல்பை ஒரு முனையில் மட்டும் தொங்கவிடுங்கள். அதன் நேர் கீழே 35 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27 வரை இருக்கட்டும். வேண்டிய இடத்துக்கு ஆமையே நகர்ந்துகொள்ளும். கிளிப்பை நம்பாமல் சங்கிலியில் மாட்டுங்கள். பல்பு விழுந்தால் தீப்பிடிக்கும்.

பலர் விட்டுவிடுவது யுவிபி (வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) தரும் விளக்கைத்தான். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். சாதாரணக் குண்டு பல்பில் அது கிடையாது. கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும், அதனால் ஜன்னலோர வெயில் போதாது. யுவிபி குழல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளடைவில் கதிர் குறைந்துவிடும். 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். முடிந்தபோதெல்லாம் முற்றத்துக் காலை வெயிலில் விடுங்கள், பக்கத்திலேயே நிழலும் வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே வேண்டாம், வெந்துபோகும்.

விளக்கு பகலில் 12 மணி நேரம் போதும். இரவு குளிர்ந்தால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். சித்திரை, வைகாசியில் ஈரோட்டு வெயிலுக்குச் சூட்டு பல்பை அணைத்துவிட்டு யுவிபியை மட்டும் எரியவிடுங்கள்.